அம்பு முனை இல்லாத கோடுகள்

சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். "அக்கா, இனிமே தெருத்தெருவாப் போய்ப் பேர் கேக்க வேண்டியதில்லையாம். யார் யாருக்குப் போன் போடுறாங்கன்னு வச்சே வலைப்பின்னல் வரையப் போறோம். நீங்க பழைய முறையில எப்படிச் செஞ்சீங்கன்னு நாலு பக்கம் எழுதித் தாங்களேன். புதுசாச் சேர்ந்தவங்க படிக்கட்டும்" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். செய்முறை இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி இரண்டு பக்கத்துக்குப் பஞ்சவர்ணம் அக்காவைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. செய்முறையை அவளுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பாததை இங்கே எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வயதுக்காரி தன்னைப் பணி ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பு வரும். ஆனால் எட்டு வருடம் பார்த்த அந்தத் தொழிலுக்கு இனி திரும்பப் போவதில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

ஒரு புதிய பழக்கம் ஒரு தெருவுக்குள் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. காய்ச்சல் பரவ ஒருவர் தும்மினால் போதும். பழக்கத்துக்கு அது போதாது. நமக்கு வேண்டியவர்களில் இரண்டு மூன்று பேராவது அதைச் செய்து, ஒன்றும் ஆகாமல் நல்லபடியாக இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆகவே யாருக்கு யார் வேண்டியவர் என்று தெரிந்தாக வேண்டும். அதுவும் ஒரே மாதிரி இருக்காது. கல்யாணமாகி வருவார்கள், வாடகை ஏறினால் வீடு மாறுவார்கள், தண்ணீர் லாரிக்கு முன்னால் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்துவார்கள். இந்த மாறுதலையும் சேர்த்துக் கணிக்கிற மாடல் ஒன்றை எழுதத்தான் என்னை எடுத்தார்கள். கணிதம் படித்தேன், பிறகு புள்ளியியல், பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினேன். என் படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

செய்முறையைச் சொல்கிறேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "உடம்புக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, வீட்டு ஆளுகளை விட்டுட்டு, வெளிய யார்கிட்டச் சொல்வீங்க?" ஐந்து பெயர்களுக்கு ஐந்து கட்டங்கள். கேள்வியை இரண்டு முறை, ஒரு சொல்லும் மாறாமல் படிக்க வேண்டும். எடுத்துக்கொடுக்கக் கூடாது. பதில் வராவிட்டால் மனதுக்குள் இருபது வரை எண்ண வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேள்வியைத் தொடங்கவே கூடாது. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, ரேஷன் அட்டை என்ன நிறம், அடுப்பு எந்தக் கம்பெனி என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஏழாவது எட்டாவது கேள்வியில் மாமியாருக்கு அலுத்துப்போய் எழுந்துவிடுவார். அப்போதுதான் நிஜக் கேள்வி. இந்த உத்தி எங்கள் களப்பணியாளர் செல்வியுடையது. செல்வி மேலூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் நாய்கூடக் குரைக்காது.

எங்கள் தலைமை பியூலா மேடம். மிஷன் கல்லூரியில் முப்பது வருடம் புள்ளியியல் நடத்திவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அந்த வாரத்துப் படிவங்களை அச்செடுத்து மேஜையில் அடுக்கச் சொல்வார். டேப்லெட் வந்த பிறகும் அவருக்குக் காகிதம் வேண்டும். ஒவ்வொருவர் கட்டிலிருந்தும் கைக்கு வந்த பத்தை உருவுவார். ஒரு வரிக்குக் கீழே அடி ஸ்கேலை வைத்து, சத்தமாகப் படிப்பார். சந்தேகம் வந்தால் ஸ்கேலை நகர்த்தாமல் நிமிர்ந்து, "இதை யார் சொன்னது?" என்பார்.

அதற்கு இரண்டு பதில்கள்தான் உண்டு. அந்தப் பெண்ணே சொன்னார் என்றால் ஓரத்தில் பென்சிலால் 'சொ' என்று எழுதுவார். நானாக நினைத்தேன் என்றால் 'நி'. 'நி' வாங்கியவர்களை ஒருபோதும் திட்டியதில்லை. "நெனைக்கிறது தப்பில்ல. நெனைச்சதைச் சொன்னதா எழுதுறதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். படிவங்களுக்கு மட்டுமல்ல, மாடலில் நான் எழுதும் ஒவ்வொரு விதிக்கும் இதே கேள்விதான். விதிகளுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் என் பக்கங்களின் ஓரமெல்லாம் 'நி'. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவளுக்கு வேறு என்ன கிடைக்கும்? ஆனாலும் செல்வியின் படிவங்களில் வரிசையாக 'சொ' விழுவதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். எனக்கும் சில 'சொ' வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சின்ன ஆசைதான். அதன் விளைவு சின்னதாக இல்லை.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு குடியிருப்பு. பாதி வீடுகள் பழையவை, பாதி புதிதாகக் கட்டியவை. பெண்கள் பலர் விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்து வீட்டில் கட்டிக் கொடுப்பவர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் தாமாக வர வேண்டும், அந்தப் பழக்கம் எப்படிப் பரவும் என்பதுதான் எங்களுக்குத் தரப்பட்ட கேள்வி. முதல் சுற்றில் எல்லா வீடுகளிலும் பெயர் கேட்டோம். திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்தது: பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணம் அக்கா அந்தத் தெருவின் டெய்லர். ஒரே அறை, ஒரு மிஷின், குறுக்கே ஒரு பச்சைத் திரை. ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண் திரைக்குப் பின்னால் போவாள். அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். மூன்று நிமிடத்தில் எடுக்க வேண்டிய அளவுக்கு இருபது நிமிடம் ஆகும். அங்கே பேசியது அங்கேயே இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தோன்றினால், "நாளைக்கு லைனிங் துணி எடுக்க டவுனுக்குப் போறேன், கூட வாரியா?" என்பார். இரண்டு பேரும் ஒரு பஸ்ஸில் ஏறுவார்கள். தெருவுக்குத் தெரிவது லைனிங் துணி மட்டும்தான்.

அப்படிப்பட்ட ஒருவர் கிடைத்தால் எங்கள் தொழிலில் 'விதை' என்போம். அவரை நம் பக்கம் கொண்டுவந்துவிட்டால் மற்றது தானாக முளைக்கும். நானும் செல்வியும் அவரைப் பார்க்கப் போனோம். பயிற்சி, அடையாள அட்டை, பச்சைப் பை, வாராவாரம் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல், அந்தப் பட்டியலில் உள்ளவர்களை வீட்டில் போய்ப் பார்த்துப் பேச வேண்டும் என்று விளக்கினேன்.

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "பேசுறது ஒண்ணும் சிரமமில்ல பாப்பா. ஆனா நான் யார் வீட்டுக்கும் போறதில்லையே. அவளுகதான இங்க வருவாளுக."

"பழகிரும்க்கா" என்றேன்.

"எனக்குப் பழகிரும். அவளுகளுக்கு?"

செல்வி சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா கடைசியில் சம்மதித்தார். என் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'சிறு தயக்கம். பயிற்சியில் சரியாகும்.' அவர் தயங்கவே இல்லை, ஒரு தகவலைச் சொன்னார் என்று எனக்கு அன்று புரியவில்லை.

புரியாமல் போனதற்கு என் மாடலே காரணம். ஒருத்தி இன்னொருத்தியின் பெயரைச் சொன்னால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. கோட்டின் முனையில் ஓர் அம்பு இருக்க வேண்டும், சொன்னவளிடமிருந்து சொல்லப்பட்டவளை நோக்கி. அம்புகளை வைத்தால் கணக்கு பல இடங்களில் முட்டிக்கொண்டு நின்றது. எடுத்துவிட்டால் தண்ணீராக ஓடியது. பேச்சு என்றால் இரண்டு பக்கமும் போவதுதானே என்று காரணம் எழுதி, அம்பு முனைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மேடம் கேட்டார். "நான் நெனைச்சேன் மேடம்" என்றேன். 'நி' போட்டார். அதுவரை நான் நேர்மையாகத்தான் இருந்தேன்.

அம்பு இல்லாத படத்தில் பஞ்சவர்ணம் அக்காவிடமிருந்து தெரு முழுக்கக் கோடுகள் கிளம்பின. அவர் எந்த வீட்டுக்கும் போகலாம் என்று படம் சொன்னது. பரிசோதனைக்கு ஏற்கெனவே போய்வந்தவர்களோடு அதிகக் கோடுகள் உள்ளவர் யார் என்று மாடல் எண்ணி, அடுத்து சம்மதிக்கக்கூடியவர்களை வரிசைப்படுத்தித் தந்தது. அதை நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அச்செடுத்துச் செல்வியிடம் கொடுத்தனுப்பினேன். முதல் இரண்டு வாரம் நன்றாகவே நடந்தது. சிலர் பரிசோதனைக்குப் போனார்கள், அதை நான் மறுக்கவில்லை. மூன்றாவது பட்டியலின் முதல் பெயர் தேன்மொழி.

தேன்மொழிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்கு வெள்ளைப்படுதல் இருந்தது. மாமியார் ராக்கம்மாவிடம் சொல்லப் பயந்து, திரைக்குப் பின்னால் பஞ்சவர்ணம் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் இருந்தது ஒரு கோடு மட்டும்தான். லைனிங் துணி எடுக்கப் போகிற சாக்கில் அவளை ஒரு நாள் அழைத்துப் போக அக்கா ஏற்கெனவே பேசிவைத்திருந்தார். அதற்குள் பட்டியல் வந்தது, அதில் உள்ளவர்களை அந்த வாரமே அக்கா வீட்டில் போய்ப் பார்த்தாக வேண்டும். அட்டையை மாட்டிக்கொண்டு, பச்சைப் பையோடு, பட்டப்பகலில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைத் திறந்தது ராக்கம்மா.

அதன் பிறகு நடந்ததைச் செல்வி எனக்குப் போனில் சொன்னார். "மருமகளுக்கு அங்க ஏதோ நோவுன்னு கெழவி புரிஞ்சுக்கிருச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்ததை மறைச்சுக் கட்டிவச்சுட்டாகன்னு ஒரே ரகளை. அந்தப் புள்ளையை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாக. தெருவுல பூராப் பேரும் டெய்லரக்காதான் ஆபீஸ்ல போட்டுக்குடுத்துருச்சுங்குறாக. யாரும் அந்தக்காகிட்டப் பேசுறதில்ல. ஜாக்கெட்டுக்குக்கூட மெயின்ரோட்டுக் கடைக்குப் போயிர்றாக. இதை எங்க ஏத்துறது? டேப்லெட்டுல இதுக்குக் கட்டமே இல்லையே."

"கட்டம் இல்லன்னா விடுங்க. ரெண்டாம் சுற்று வருதுல்ல, அதுல தெரிஞ்சிரும்" என்றேன்.

தெரிந்தது. இரண்டாம் சுற்றுப் படிவங்களில் பஞ்சவர்ணம் என்ற பெயர் மளமளவென்று காணாமல் போயிருந்தது. முதல் சுற்றில் அவர் பெயரைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் இந்த முறை சொல்லவில்லை. பெயர்களை மறந்துவிடுவது எங்கள் துறையில் சகஜம்தான். அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் பெண்களுக்குச் சலித்துப் போகும், இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு ஒரு விதி எழுதினேன்: முந்தைய சுற்றில் சொன்ன பெயர் இந்தச் சுற்றில் வராவிட்டால், அதை மறதி என்று கொண்டு பழைய கோட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த விதியைப் போட்டதும் படம் பழையபடி அழகாக ஆனது. நடுவில் பஞ்சவர்ணம் அக்கா, சுற்றிலும் கோடுகள். என் கணிப்புகள் எல்லாம் பொருந்தின.

வெள்ளிக்கிழமை மேடம் அந்த விதிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். "மறந்துட்டாங்கன்னு இதை யார் சொன்னது?"

செல்வியின் போன் எனக்கு நினைவிருந்தது. நன்றாகவே நினைவிருந்தது. அறையில் செல்வி இல்லை, களத்தில் இருந்தார்.

"சொன்னாங்க மேடம். களத்துல கேட்டோம். மறந்துட்டோம்னு அவங்களே சொன்னாங்க."

மேடம் ஒரு நொடி என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, சந்தோஷத்தோடு. "பரவால்லயே, கேட்டிருக்கியே" என்றார். ஓரத்தில் 'சொ' எழுதினார்.

பொய் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 'நி' என்று ஒப்புக்கொண்டிருந்தால், போய்க் கேட்டுவிட்டு வா என்றிருப்பார். அவ்வளவுதான். போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் போகவில்லை.

செல்வி விடவில்லை. அடுத்த வாரம் என் மேஜைக்கு வந்து, "நீங்களே ஒருக்கா வந்து பாருங்க. வாரீங்களா, இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். போனோம்.

பஞ்சவர்ணம் அக்கா மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். திரை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டியிருந்தது. அந்தத் திரை விரித்தே இருக்கும், கட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

"வா பாப்பா. பட்டியலு கொண்டாந்தியா?" என்றார். குத்தலாகவா, சும்மாவா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இல்லக்கா."

"நான் ஒண்ணு கேக்குறேன். நீ கணக்குப் படிச்ச புள்ள, சொல்லு. பதினாலாம் நம்பர் வீட்டைத் தாண்டி, பதினஞ்சைத் தாண்டி, நேராப் பதினாறு வாசல்ல போய் நின்னா, பதினாலும் பதினஞ்சும் என்ன நெனைப்பாக? பதினாறுல ஏதோ இருக்குன்னுதான நெனைப்பாக? எல்லா வீட்டுக்கும் போகச் சொல்லியிருந்தீகன்னா ஒருத்திக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

 எட்டு வருடத்தில் ஒரு தெருவை நான் புள்ளிகளாகத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டு எண்களின் வரிசையில், வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவர்களின் கண் வழியாக ஒருநாளும் பார்த்ததில்லை. வரிசையாக எல்லா வீட்டுக்கும் போவது வீண் என்பதுதான் எங்கள் மாடலின் பெருமையே. தேவையான கதவை மட்டும் தட்டு என்று சொல்லித்தான் அதற்கு அனுமதி வாங்கினோம்.

"எனக்கு நீ ஒரே ஒரு காரியம் பண்ணு" என்றார் அக்கா. "தண்ணி லாரி வர்ற நேரம் பொம்பளைக பூராவும் டேங்கிட்ட நிப்பாளுக. அங்க வந்து, இந்தப் பேரெல்லாம் நாங்கதான் எழுதுனோம், டெய்லரக்கா சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன்க்கா."

"எப்ப வர்ற?"

"மூணாம் சுற்று மட்டும் முடியட்டும்க்கா. நடுவுல நாங்க வந்து பேசினா தகவல் மாறிப்போயிரும். ரெண்டு மாசந்தான்."

மேடமிடம் கேட்டிருந்தால் அன்றே போகச் சொல்லியிருப்பார் என்று இப்போது தெரிகிறது. சுற்றுகளுக்கு நடுவில் முடிவுகளைப் பற்றிக் களத்தில் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. அது முடிவுகளைப் பற்றித்தான், ஒரு மனுஷியின் மேல் விழுந்த பழியைத் துடைப்பதைப் பற்றி அல்ல. ஆனால் மேடமிடம் கேட்டால் அந்த 'சொ' எப்படி வந்தது என்பதும் வெளியே வரும். அதனால் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பஸ்ஸில் செல்வியோடு திரும்பினேன். அவர் இறங்கும் இடம் வந்ததும், "ரெண்டு மாசம் அந்தக்கா என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கினார்.

இரண்டு மாதம் இரண்டரை மாதமானது. மூன்றாம் சுற்றுக்குப் போன செல்வி அன்று மதியமே கூப்பிட்டார். அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டார். மிஷினை மினி லாரியில் ஏற்றும்போது ஒருவரும் கை கொடுக்கவில்லையாம். டிரைவரும் அக்காவும் மட்டும் தூக்கினார்களாம்.

மூன்றாம் சுற்றுப் படிவங்கள் எல்லாம் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் நான் அந்த மறதி விதியை எடுத்துவிட்டு மூன்று சுற்றையும் மறுபடி ஓட்டினேன். பஞ்சவர்ணம் அக்காவின் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது வேறு. ஒருவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார் என்று என் மாடல் சொல்லியிருந்தது. எல்லா மாடல்களும் அப்படித்தான் சொல்லும். ஆனால் முன்பு அக்காவின் பெயரைச் சொன்ன பெண்களின் கட்டங்களில் வேறு பெயர் எதுவும் வரவில்லை. காலிக் கட்டங்களை ஒரு பட்டியலாக எழுதினேன். பட்டியல் போடுவது என் சுபாவம், எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். அந்தப் பட்டியலில் அடங்கவில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்ட்ரம். அம்மா உடம்பைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் சட்டென்று குரலைத் தாழ்த்தாமலே எங்கள் பாஷைக்கு மாறிவிடுவார். யார் காதிலும் விழலாம், யாருக்கும் புரியாது. அந்தத் தெருப் பெண்களுக்கு அப்படி ஒரு பாஷை கிடையாது. ஒரு திரைதான் இருந்தது. அதையும் நான் கழற்றிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் மேடம் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: செல்வி போன் பண்ணியது, நான் விதி எழுதியது, பொய் சொன்னது, அக்கா கேட்டது, நான் தள்ளிப்போட்டது.  முடித்ததும் மேடம் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினார். 'சொ' என்ற எழுத்தை ரப்பரால் அழித்தார். பென்சிலை அந்த இடத்தில் வைத்து, எழுதாமல் எடுத்தார்.

"'நி'ன்னு எழுதலாமான்னு பாத்தேன். எழுத முடியாதேம்மா. மறந்துட்டாங்கன்னு நீ நெனைக்கக்கூட இல்லையே. இதுக்கு என்கிட்ட எழுத்து இல்ல."

பிறகு அன்றே திட்டத்துக்குப் பணம் தந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டாம் சுற்றின் முடிவுகளை நம்ப வேண்டாம், விதி தவறானது, தவறு நம்முடையது என்று. கையெழுத்து இடத்தில் முதலில் அவர் பெயரைப் போட்டார். "மேடம், உங்களுக்குத் தெரியாதே" என்றேன். "கேட்டது நான். பதிலை நம்பினதும் நான்" என்றார். என் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் இன்று இதை எழுதுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

தண்ணீர் லாரி வருகிற நாளைச் செல்வி கேட்டுச் சொன்னார். போனேன். டேங்கைச் சுற்றி வண்ண வண்ணக் குடங்கள். செல்வி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். பதினைந்து பேர் இருக்கும். அக்கா எதையும் சொல்லவில்லை, பெயர்களை எழுதியது கம்ப்யூட்டர், அதை ஓட்டியது நான் என்று சொன்னேன்.

ராக்கம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் கேட்டார். "அப்ப அந்த மிசினுக்கு எங்க வீட்டுச் சங்கதி எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தெரியாதும்மா. யார் யாரோட பழகுறாங்கன்னு மட்டுந்தான் அது பார்க்கும்."

"ஒண்ணும் தெரியாத மிசினு அம்புட்டு வீட்டையும் விட்டுட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துச்சாக்கும்?"

சிலர் சிரித்தார்கள். நான் விளக்க முயன்றேன். விளக்க விளக்க அது பொய் மாதிரியே ஒலித்தது. யாரும் கோபப்படவில்லை. பூக்கட்டுகிற ஒரு பெண் மட்டும், சத்தமில்லாமல், "இதை அந்தக்கா இங்க இருக்கயிலயே வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.  லாரி வந்தது. குடங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். அது தண்டனையும் இல்லை, தியாகமும் இல்லை. பட்டியல் அச்சடிக்கக் கை வரவில்லை.

பஞ்சவர்ணம் அக்காவைத் தேடிக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ரெடிமேட் கடை வாசலில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆண்களின் பேன்ட்டுகளை நீளம் குறைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பஸ்கள் ஹாரன் அடித்தபடி திரும்பின. திரை போட அங்கே இடமில்லை. அளவெடுக்க வேண்டிய வேலையும் இல்லை.

என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, மிஷினையும் நிறுத்தவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். மனதில் யோசித்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எல்லாம் வாய்க்கு வரவில்லை.

"போயி சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"எம்புட்டுப் பேரு இருந்தாளுக?"

"பதினஞ்சு பேர் இருக்கும்."

"நம்புனாளுகளா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. "இல்லக்கா" என்றேன்.

"நம்ப மாட்டாளுக. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்." பேன்ட்டைத் திருப்பிப் போட்டு அடுத்த காலை மடித்தார். "தேன்மொழி திரும்பி வந்துருச்சாமே?"

"வந்துட்டாங்க. அன்னைக்கு டேங்கிட்ட நின்னாங்க. பின்னாடி."

"ஆஸ்பத்திரிக்குப் போச்சா?"

"போகலக்கா. செல்வி விசாரிச்சாங்க."

மிஷின் நின்றது.

"இப்ப அது யார்கிட்டச் சொல்லுது?"

மூன்றாம் சுற்றில் தேன்மொழியின் படிவத்தை நான்தான் பார்த்தேன். ஐந்து கட்டங்கள். செல்வி கேள்வியை இரண்டு முறை படித்திருக்கிறார், இருபது வரை எண்ணியிருக்கிறார்.

"யார்கிட்டயும் இல்லக்கா. யாரும் இல்லன்னுட்டாங்க."

அக்கா தையலிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ரோட்டைப் பார்த்தார். பழைய தெருவுக்குப் போக மேலூர் பஸ் ஏற வேண்டுமென்றால் இங்கிருந்து மாட்டுத்தாவணி போக வேண்டும். போக்குவரத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன். "நான் வேணா போய்ப் பாத்துட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"போயி?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எந்த வாசல்ல போயி நிப்ப? நீ நின்னாலும் அதே வாசல்தான். நான் நின்னாலும் அதே வாசல்தான். மறுபடி அந்தப் புள்ள தலையிலதான் விழும்." பேன்ட்டை மடித்துப் பக்கத்தில் வைத்தார். குரல் ஏறவில்லை. "அதுவா வரணும். வர்றதுக்கு அங்க ஒரு எடம் இருந்துச்சு. நீயும் போயிராத, பாப்பா."

நான் போகவில்லை. தேன்மொழியும் இதுவரை எங்கும் போகவில்லை என்று செல்வி சொல்கிறார்.